ஐந்து மணிக்குச் சூரியன் இறங்கும் தீவு: அரையாண்டு விடுமுறையில் அந்தமான், ஏழு நாள்

கிளம்பும் முன்

அந்தமான் சென்னைக்குக் கிழக்கே சுமார் 1,350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடிகாரம் மட்டும் நம்முடையதுதான். அதனால் டிசம்பர் கடைசியில் காலை ஐந்தரைக்கே சூரியன் எழுந்துவிடும், மாலை ஐந்துக்கு இறங்கிவிடும், ஐந்தரைக்கு நல்ல இருட்டு. விடுமுறைதானே என்று எட்டு மணிக்கு எழுந்து, டிபன் முடித்துப் பத்துக்குக் கிளம்புகிற குடும்பத்துக்கு அங்கே பாதி நாள்தான் கிடைக்கும். அதுவும் மண்டையைப் பிளக்கிற வெயில் உள்ள பாதி. ஏழு நாளும் எட்டரைக்குத் தூக்கம், ஐந்து மணிக்கு விழிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிடுவார்கள். பெரியவர்களுக்குத்தான் மூன்று நாள் பிடிக்கும்.

முன்பதிவில் வரிசை முக்கியம்: முதலில் விமானம், அடுத்து தீவுக்குத் தீவு போகும் கப்பல், கடைசியில் அறை. பலர் அறையை முதலில் பிடித்துவிட்டு, அந்தத் தேதிக்குக் கப்பல் இல்லாமல் திண்டாடுகிறார்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கப்பல் இருக்கைதான் முதலில் தீரும். டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். குழந்தைகளுக்கும் ஆதார் அட்டையை அசலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கடல்வழியாகவும் போகலாம், ஆனால் போகவே மூன்று நாள் ஆகும். பத்து நாள் விடுமுறைக்கு அது ஒத்துவராது.

கடைசி இரவைத் தலைநகர் போர்ட் பிளேரிலேயே தங்குவதாகத் திட்டமிடுங்கள். காலையில் ஹேவ்லாக் தீவில் கப்பல் ஏறி மதியம் விமானம் பிடிக்கலாம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டால் சரியாகத்தான் தெரியும். ஆனால் டிசம்பரில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தால் போதும், கப்பல் நின்றுவிடும். 2016 டிசம்பரில் அப்படி ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளைக் கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்தன. அடுத்த சில நாளில் சென்னையில் மரங்களைச் சாய்த்த வர்தா புயலின் தொடக்கம் அதுதான். கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுக்க வானிலை மையத்தின் அறிவிப்பைத் தினமும் பாருங்கள்.

பெட்டியில் துணியைக் குறைத்து இவற்றைச் சேருங்கள்: பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை, கணுக்கால் பிடிப்புள்ள ரப்பர் செருப்பு, தண்ணீர் புகாத பை ஒன்று, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ஒரு சிறிய புட்டி வினிகர், ஒரு புட்டி தேங்காய் எண்ணெய். கடைசி இரண்டும் எதற்கு என்பது அந்தந்த நாளில் வரும்.

நாள் 1: ஸ்ரீ விஜயபுரம்

போர்ட் பிளேர் என்று நாம் பழகிய ஊருக்கு 2024 செப்டம்பர் முதல் இதுதான் பெயர். ஆட்டோக்காரரிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும் புரியும். தமிழில் சொன்னாலும் பல இடங்களில் புரியும், தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழும் ஊர். அபெர்டீன் பஜாரில் இட்லி தோசைக்குக் குறைவில்லை. பாட்டி தாத்தா உடன் வந்தால் இது பெரிய நிம்மதி.

காலை விமானத்தில் வந்து இறங்கினால் முதல் இரண்டு மணி நேரத்தை மூன்று வேலைக்கு ஒதுக்குங்கள்: ஏடிஎம்மில் பணம் எடுப்பது, மருந்துக்கடையில் விட்டுப்போனதை வாங்குவது, மறுநாள் கப்பல் எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது என்று உறுதி செய்வது. அரசுக் கப்பல்கள் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்தும், தனியார் விரைவுப் படகுகள் ஹாடோ துறையிலிருந்தும் கிளம்புவது வழக்கம். காலை ஐந்தரைக்குத் தவறான துறையில் பெட்டியோடு நிற்பது வருடாவருடம் நடக்கிறது. 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு இணையம் நன்றாகவே வருகிறது. சின்னத் தீவுகளில் மட்டும் சில சமயம் படுத்துவிடும், அந்த நேரத்தில் கையில் ரொக்கம் வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, மூன்று மணி போலச் செல்லுலார் சிறைக்குப் போகலாம். 1896 முதல் 1906 வரை கட்டியது. நடுவில் காவல் கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைப் போல ஏழு கட்டடங்கள். இன்று மூன்றுதான் மிச்சம். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விஷயத்தைக் காட்டுங்கள். ஏதாவது ஓர் அறைக்குள் நிறுத்தி, கதவுக் கம்பி வழியாக எதிரே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த கட்டடத்தின் முதுகுதான் தெரியும், எந்த அறையின் முகமும் தெரியாது. பக்கத்து மனிதன் கண்ணில் படவே கூடாது என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தாழ்ப்பாளையும் பார்க்கச் சொல்லுங்கள். கதவை விட்டுத் தள்ளிச் சுவருக்குள் பதித்த குழியில் இருக்கும், உள்ளே இருந்து எவ்வளவு கை நீட்டினாலும் எட்டாது. பத்து வயதுப் பிள்ளைக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது.

இருட்டிய பிறகு அங்கேயே ஒலி ஒளிக் காட்சி உண்டு. சிறிய பிள்ளைகளுக்கு அது நீளம்தான், கொசுவும் இருக்கும். மறுநாள் அதிகாலைக் கப்பல் என்றால் காட்சியை ஆறாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

நாள் 2: கப்பல், ஹேவ்லாக், ராதாநகர்

அரசு ஆவணத்தில் ஸ்வராஜ் தீவு, 2018 டிசம்பரில் மாற்றிய பெயர். பேச்சு வழக்கில் இன்னும் ஹேவ்லாக்தான். விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை வரை. அரசுக் கப்பலில் மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம். விரைவுப் படகு குளிரூட்டிய மூடிய அறை, வெளியே வர விடமாட்டார்கள். வாந்தி வரும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரிது. மெதுவாகப் போனாலும் காற்றும் அடிவானமும் உள்ள கப்பல்தான் அவர்களுக்கு நல்லது. மூடிய படகுதான் கிடைத்தது என்றால் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கமாக இருக்கை கேளுங்கள். படகின் மூக்கு ஏறி இறங்கும் அளவுக்கு நடுப்பகுதி ஆடாது.

வாந்தி மாத்திரை குமட்டல் வந்த பிறகு போட்டால் பிரயோஜனம் இல்லை. கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். பிள்ளைக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். கப்பலில் செல்போனை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். கண் அசையாத திரையைப் பார்க்க, காது ஆடுகிற உடம்பைச் சொல்ல, அந்த முரண்தான் குமட்டலாக வருகிறது.

ஹேவ்லாக்கில் ஊர்களுக்கு எண்தான் அடையாளம். ஒன்றாம் எண் துறை, மூன்றாம் எண் கடைத்தெரு, ஐந்தாம் எண் பக்கம் பெரும்பாலான விடுதிகள், ஏழாம் எண் ராதாநகர். ஐந்தாம் எண் கிழக்குக் கரை, ராதாநகர் மேற்குக் கரை. கிழக்கில் விடியலும் அலையில்லாத ஆழமற்ற தண்ணீரும், மேற்கில் அலையும் அஸ்தமனமும். இது தெரியாமல் விடுதிக்கு எதிரே நீந்தலாம் என்று வருகிறவர்கள், கடல் வற்றும் நேரத்தில் அரை கிலோமீட்டர் பாறையும் சேறும் கண்டு ஏமாந்து போகிறார்கள்.

ராதாநகருக்குத் துறையிலிருந்து 12 கிலோமீட்டர் போல. மூன்று மணிக்கு அங்கே இருங்கள், நாலரைக்குத் தண்ணீரை விட்டு ஏறுங்கள், ஐந்துக்குச் சூரியன் இறங்குவதைக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். வந்த வண்டியையே திரும்பவும் பேசி நிறுத்துங்கள், இருட்டிய பிறகு வண்டி கிடைப்பது கஷ்டம். பிள்ளைகள் இறங்கும் இடம் உயிர்காப்பாளர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கட்டும். அலை ஓரிடத்தில் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், பத்திரமான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் திரும்பிக் கடலுக்கு ஓடும் வழி அது. அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு திரும்ப வேண்டும்.

கடற்கரையின் வலது கோடியில் நீல்ஸ் கோவ் என்ற சிறு குடா பச்சைக் கண்ணாடி மாதிரி கிடக்கும். படம் எடுங்கள், இறங்காதீர்கள். 2010-இல் அங்கே நீருக்குள் இருந்த ஒரு பெண் பயணியை உவர்நீர் முதலை கொன்றது. அலையாத்திக் காடும் ஓடை வாயும் உள்ள எந்த இடத்திலும் இதே விதிதான், பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இனி தேங்காய் எண்ணெய். இந்தத் தீவுகளின் மணலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மணல் ஈ உண்டு. கடிக்கும்போது வலிக்காது. அன்று இரவோ மறுநாளோ சிவப்புப் புள்ளிகள் கிளம்பி, ஒரு வாரம் வரை அரிக்கும். முழங்காலுக்குக் கீழே எண்ணெயைத் தடிமனாகப் பூசினால் ஈ தோலில் நிற்க முடியாமல் போகும். வெறும் மணலில் படுக்காதீர்கள், விரிப்பு போடுங்கள். விடியலிலும் அந்தியிலும்தான் தொல்லை அதிகம். கடித்துவிட்டால் சொறியக் கூடாது, அந்த ஈரக்காற்றில் புண் சீக்கிரம் பழுத்துவிடும். பிள்ளைகளின் நகத்தை ஊரிலேயே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

நாள் 3: எலிபெண்ட் பீச், பவளப்பாறை

பயணத்தின் நடுநாயகம் இதுதான். துறையிலிருந்து படகில் இருபது நிமிடம் போல. காட்டுப்பாதை வழியாக நடந்தும் போகலாம், மழை பெய்திருந்தால் சேற்றில் கால் புதையும், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். முதல் படகிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டத்தில் மணல் கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதந்து பவளம் பார்ப்பது எந்த வயதுக்கும் ஏற்றது, நீச்சல் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பாதிப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் அழுதுகொண்டு கரையேறுகிறார்கள். காரணம் பயமில்லை, கண்ணாடி பொருந்தாததுதான். பட்டையைப் போடாமல் கண்ணாடியை மட்டும் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்த பிறகும் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. விழுந்தால் வேறு கேளுங்கள், பெரியவர்கள் அளவைப் பட்டையை இறுக்கிப் பிள்ளைக்கு மாட்டுவது பலிக்காது. இறுக்க இறுக்க ரப்பர் விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும். நெற்றி முடி ஒரு இழை உள்ளே சிக்கினாலும் ஒழுகும், முடியை முழுக்கப் பின்னுக்குத் தள்ளுங்கள். மீசைக்காரர்கள் மீசையில் வாசலின் தடவிக்கொள்ளலாம். கண்ணாடி உள்ளே ஆவி படராமல் இருக்க ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூவைத் தேய்த்து, கடல்நீரில் ஒருமுறை மட்டும் அலசுங்கள்.

பிறகு மூச்சு விடும் குழாய். ரப்பர் முனையைப் பல்லால் மெதுவாகக் கவ்வி, உதட்டால் சுற்றி மூட வேண்டும். கரையில் உட்கார்ந்து வாயால் மட்டும் மூச்சு விட ஐந்து நிமிடம் பழகிவிட்டு, முட்டளவு தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்து இன்னும் ஐந்து நிமிடம். குழாயில் தண்ணீர் வந்தால் பதறாமல் 'தூ' என்று ஒரே வேகமாக ஊதினால் மேல்வழியாகப் போய்விடும். இந்தப் பத்து நிமிடத்தை அவசரப்படுத்தும் வழிகாட்டியிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: பழகிய பிறகுதான் வருவோம்.

பவளத்தின் மேல் நிற்கக் கூடாது என்பதைப் படகில் ஏறும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். கல் மாதிரி தெரிவது உயிருள்ள கூட்டம், வருடத்துக்குச் சில மில்லிமீட்டரே வளரும் வகைகளும் அதில் உண்டு. 2010-இல் கடல் சூடேறி இங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்துப் போயின. மிஞ்சியதைத்தான் நாம் பார்க்கிறோம். வெயிலுக்குப் பூசும் களிம்பு வாங்கும்போது துத்தநாக ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், களிம்பைவிட முழுக்கைச் சட்டை மேல். முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் கரிந்துபோகும், கவிழ்ந்து மிதக்கும்போது வெயில் படுவது அங்கேதானே. ஜெல்லிமீன் பட்டால் நன்னீரில் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். வினிகரை அரை நிமிடம் ஊற்றுங்கள், மூச்சுத்திணறலோ கடும் வலியோ இருந்தால் உடனே மூன்றாம் எண் பக்கம் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு.

ஸ்கூபா ஆசை இருந்தால் இன்றோ நாளையோ முடித்துவிடுங்கள். பத்து வயது ஆகியிருக்க வேண்டும். சளி இருந்தால் வேண்டவே வேண்டாம், அடைத்த காதோடு இறங்கினால் செவிப்பறை கிழியக்கூடும். முழுகியதற்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவில் 18 மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் பிடிக்கும்.

நாள் 4: காலாபத்தர்

ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் உள்ள கடற்கரை இது. ஐந்தே காலுக்குக் கிளம்பி விடியல் பார்த்துவிட்டு, மீதி நாள் சும்மா இருங்கள். மூன்று நாள் அதிகாலை எழுந்த பிள்ளைகளுக்கு இந்த ஓய்வு தேவை. ஓர் இளநீர், ஒரு தூக்கம். நிலா இல்லாத இரவாக இருந்தால் வழிகாட்டியோடு துடுப்புப் படகில் போய், துடுப்பு பட்ட இடமெல்லாம் நீல ஒளி சிதறுவதைப் பார்க்கலாம். பௌர்ணமியை ஒட்டிப் போனால் ஒன்றும் தெரியாது.

நாள் 5: நீல்

அரசு ஆவணத்தில் ஷஹீத் தீவு. ஹேவ்லாக்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். பிரிவினைக்குப் பிறகு வந்து குடியேறிய வங்காளிகளின் ஊர், அந்தமானுக்கே காய்கறி இங்கிருந்துதான் பெருமளவு போகிறது. கரைகளுக்குப் பெயர் பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர். ராமாயணம் தெரிந்த பிள்ளைக்கு வழி மறக்காது.

இங்கே கடிகாரத்தைவிடப் பஞ்சாங்கம் உதவும். லட்சுமண்பூரின் இரண்டாம் கரையில் கடல் குடைந்த இயற்கைப் பாலம் இருக்கிறது. கடல் வற்றும்போதுதான் பக்கத்தில் போக முடியும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாலை மூன்றரை, நாலு வாக்கில் நன்றாக வற்றும், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இரண்டு மீட்டர் வரை வித்தியாசம். அஷ்டமியை ஒட்டி ஒன்பது, பத்து வாக்கில் வற்றும், ஆனால் அரைகுறையாகத்தான். அமாவாசை போய் நாலு நாள் ஆனால் காலை ஏழு வாக்கில். சரியான மணியை அன்றைய ஓத அட்டவணையில் பார்த்து, முழுக்க வற்றுவதற்கு ஒன்றரை மணி முன்பே அங்கே இருங்கள். நீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்புங்கள். தாமதித்தால் வந்த வழி தண்ணீருக்குள் போய்விடும்.

வற்றிய பாறைக் குழிகளைப் பார்க்கத்தான் இவ்வளவு கணக்கு. ஒரு குழியின் பக்கத்தில் குனிந்து, நிழல் விழாமல் இரண்டு நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். முதலில் வெறும் தண்ணீர். பிறகு ஒரு கூழாங்கல் நகரும், அது சங்குக்குள் குடியிருக்கும் முனிவன் நண்டு. கறுப்புக் கயிறு மாதிரி கிடப்பது கடல் அட்டை. பிளவுக்குள்ளிருந்து நீளமான முட்கள் ஆடினால் அது கடல் முள்ளெலி, செருப்பைத் துளைக்கும், விரலை நீட்டக் கூடாது. பாசி படிந்த பாறையில் ஹவாய் செருப்பு வழுக்கும், அந்த ரப்பர் செருப்பு இதற்குத்தான். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் தொடக்கத்தில் உள்ள இளநீர்க் கடையிலேயே உட்காரட்டும். கல்லுக்குக் கல் தாவும் பாதை அவர்களுக்கு ஆகாது.

நாள் 6: திரும்பவும் ஸ்ரீ விஜயபுரம், ராஸ் தீவு

பலர் இந்த நாளைப் பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்பதே இங்கே சொல்ல வேண்டியது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து விடுவார்கள், அதைப் பிடிக்க அதிகாலை மூன்றரை மணிக்குக் கிளம்ப வேண்டும். சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இலேயே உத்தரவிட்டது. வண்டியை நிறுத்துவது, படமெடுப்பது, உணவு கொடுப்பது எல்லாம் குற்றம். தடை ஒருபக்கம் இருக்கட்டும், நம் பிள்ளைகள் சன்னல் வழியாக மனிதர்களைத் தேடிக்கொண்டு போகும் பயணம் நமக்கு எதற்கு?

அதற்குப் பதில் படகில் கால் மணி நேரத்தில் ராஸ், இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஆங்கிலேயர் ஆட்சியின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. 1941 நிலநடுக்கத்துக்குப் பிறகு கைவிட்டார்கள். தேவாலயச் சுவரை ஆலமரத்து வேர்கள் அப்படியே விழுங்கியிருக்கின்றன. மான்களும் மயில்களும் பயமில்லாமல் திரிகின்றன. ஏற்றம் உள்ள இடம், பெரியவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. கிளம்பும் முன் எந்தக் கிழமை விடுமுறை என்று துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் 7: பெட்டி கட்டுதல்

சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் கரையிலிருந்து எடுத்துப் போகக் கூடாது, செத்ததாக இருந்தாலும். விமான நிலையத்தில் ஊடுகதிர் திரையில் தெரிந்துவிடும், பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள், விஷயம் வழக்கு வரைக்கும் போகலாம். சங்குப் பொருள் வாங்க ஆசைப்பட்டால் உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்கி, ரசீதைக் கைப்பையில் வையுங்கள். பெரியவர்கள் பெட்டியில் எதுவும் இருக்காது. கால்சட்டைப் பை, தண்ணீர் புட்டி வைக்கும் வலைப்பை, நீச்சல் செருப்பின் உள்பக்கம், பென்சில் டப்பா, இந்த நாலு இடத்தையும் முந்தைய இரவே பிள்ளைகளோடு உட்கார்ந்து உதறிப் பாருங்கள். விழுகிற சிப்பிகளைக் காலையில் அவர்கள் கையாலேயே கடலில் விடச் சொல்லுங்கள். முனிவன் நண்டுகளுக்கு அவை வீடு.